பெட்டிக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு!

சமையலறை அலமாரியைத் திறந்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். காப்பித்தூள் பாக்கெட், சத்துமாவு டப்பா, குழந்தைக்கு வாங்கிய ஜூஸ் பெட்டி, வெயிலுக்கு வாங்கிய சர்பத் பாட்டில்... ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கத்தரிக்காய் வாங்கும்போது நாம் சும்மா விடுகிறோமா? காம்பைப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தராசில் வைக்கிறோம். பெட்டியில் அடைத்த பானத்தை மட்டும் முகத்தைப் பார்த்ததுமே கூடையில் போட்டுவிடுகிறோம்!

அந்த முகத்தை யார் வரைகிறார்கள்? எப்படி வரைகிறார்கள்? எதைப் பெரிதாகப் போடுகிறார்கள், எதைச் சின்னதாக ஒதுக்குகிறார்கள்? இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாமே ஒரு பெட்டியைச் செய்து பார்த்துவிடுவதுதான்.

எங்கள் பகுதியில் பெண்களுக்காக நடக்கும் மத்தியான வகுப்பில் படம் வரைதலும் அச்சுக்கு வடிவமைத்தலும் சொல்லித் தருகிறார்கள். அங்கே எங்கள் டீச்சர் கொடுத்த பயிற்சி இது: "இல்லாத ஒரு கம்பெனி, இல்லாத ஒரு பானம். அதுக்கு ஒரு பேரு வைங்க. பெட்டியை வரைஞ்சு, வெட்டி, மடிச்சு, கடையில வச்சா நிஜம்னு நம்பற மாதிரி கொண்டு வாங்க." இந்த மாதிரிப் பெட்டிக்கு அச்சகத்தில் 'டம்மி' என்று பெயர். பல்லாயிரம் பெட்டி அச்சடிக்கும் முன் ஒரே ஒரு டம்மி செய்து, கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நாம் 'புரூஃப்' பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் எடுத்துக்கொண்டது நன்னாரி சர்பத். நமக்குத் தெரிந்த பானம், நாமே காய்ச்சுகிற பானம், அதனால் பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பெயர்? சித்திரை வெயிலில் தெருமுனையில் போடுவார்களே தண்ணீர்ப் பந்தல், அதிலிருந்து 'பந்தல்' என்று வைத்தேன். 'பந்தல் நன்னாரி சர்பத்'. சொல்லிப் பாருங்கள், நாக்கில் சுலபமாக வருகிறது. (பயிற்சிக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். நிஜமாகவே விற்கப் போகிறவர்கள் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட வேண்டும். குளிர்பானம், பழச்சாறு, சர்பத் எல்லாம் அதில் 32-ஆம் வகுப்பில் வரும்.)

அட்டையும் கணக்கும்

200 மி.லி. பெட்டி என்று முடிவு செய்தேன். இதற்குக் கணக்கு ரொம்ப சுலபம். ஒரு மில்லி லிட்டர் என்பது ஒரு கன சென்டிமீட்டர். ஆகவே அகலம் 5 செ.மீ., பக்கவாட்டு 4 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்று வைத்தால், ஐந்தை நாலால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்க, சரியாக 200 வந்துவிடும்.

நாலு பக்கமும் சேர்ந்து சுற்றளவு 5+4+5+4 = 18 செ.மீ. ஒட்டுவதற்கு ஓரத்தில் 1 செ.மீ. பட்டை. ஆக மொத்த அகலம் 19 செ.மீ. உயரத்துக்கு, நடுவில் 10 செ.மீ. உடம்பு. முதுகுப் பக்கத்தின் மேலும் கீழும் 4 செ.மீ. மூடி, அதோடு உள்ளே செருக 1 செ.மீ. நாக்கு. பக்கவாட்டுத் துண்டுகளின் மேலும் கீழும் 2 செ.மீ. மடிப்பு. முன்பக்கத்துக்கு மூடி வேண்டாம். மொத்த உயரம் 20 செ.மீ. சாதாரண ஏ4 அட்டை ஒன்று போதும்.

மடிக்கிற இடத்தில் நேராக மடித்தால் அட்டை விரிசல் விட்டு, ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரியும். ரீஃபில் தீர்ந்துபோன பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு, பிறகு மடியுங்கள். கத்தரித்த மாதிரி மடிப்பு வரும். படம், எழுத்து எல்லாம் அட்டை தட்டையாக இருக்கும்போதே வரைந்து முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு வரைய உட்கார்ந்தால் பெட்டி அமுங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தைகள் குடித்துவிட்டுப் போட்ட ஜூஸ் பெட்டியைக் கழுவி, மூலைகளில் ஒட்டியிருக்கும் காதுகளை மெதுவாக உரித்து, தட்டையாக விரித்துப் பாருங்கள். எங்கே மடிப்பு, எங்கே ஒட்டு என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அது மெல்லிய அலுமினியத் தகடு. வெளியே காகித அட்டை, இடையிடையே பாலிதீன் படலம். கிருமி நீக்கிய பானத்தைக் கிருமி நீக்கிய பெட்டியில் அடைப்பதால்தான் அது ஐஸ்பெட்டி இல்லாமல் பல மாதம் கெடாமல் இருக்கிறது.

இந்த வித்தையை உலகுக்குக் கொண்டுவந்தது ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் ரூபன் ரவுசிங் 1951-இல் தொடங்கிய டெட்ரா பாக் நிறுவனம். முதலில் வந்த பெட்டி செங்கல் வடிவம் இல்லை; நாலு முக்கோணம் சேர்ந்த கூம்பு வடிவம். 'டெட்ரா' என்ற பெயரே அதனால்தான். செங்கல் வடிவம் 1963-இல் வந்தது. நம் நாட்டில் 1985-இல் ஃப்ரூட்டி மாம்பழ பானம் இந்தப் பெட்டியில் வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்ட்ராவைக் குத்திக் குடிப்பதையே ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்வது வெறும் டம்மி. இதில் பானத்தை ஊற்றி யாருக்கும் கொடுக்கக்கூடாது. சாதாரண அட்டையும் பசையும் குடிக்கிற பொருளுக்கு ஏற்றவை அல்ல.

முகத்தில் என்ன போடுவது?

ஒரு பானத்தின் வடிவமே அதன் பெயரைச் சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. 1915-இல் அமெரிக்காவில் கோக்கோ கோலா கம்பெனி, கண்ணாடி பாட்டில் செய்பவர்களிடம் ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்தது. 'இருட்டில் கையால் தடவினாலும், உடைந்து தரையில் கிடந்தாலும், இது எங்கள் பாட்டில் என்று தெரிய வேண்டும்' என்றார்கள். இந்தியானா மாநிலத்துக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று செய்த இடை சிறுத்த பாட்டில் ஜெயித்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஆசை வேண்டாம். நமக்குத்தான் கோலம் இருக்கிறதே! பெட்டியின் நாலு பக்கமும் தொடர்ந்து ஓடும்படி அடியில் ஒரு புள்ளிக் கோலக் கரை போட்டேன். அதற்கு மேலே நன்னாரிக் கொடி. நன்னாரி இலை நீளமாக, ஒல்லியாக இருக்கும். நடு நரம்பை ஒட்டி வெள்ளையாகக் கோடு ஓடும். அதைப் பார்த்து அப்படியே வரைந்தேன். வேரின் செம்பழுப்பு நிறத்தையே பெயரின் எழுத்துக்கும் கொடுத்தேன். பின்னணி, வெளுத்த பருத்திப் புடவையின் வெள்ளை.

பக்கத்து மேஜையில் இருந்த பெண்மணி, "ஏங்க, ஒரு ஆரஞ்சுப் பழம், நாலு திராட்சை போட்டா இன்னும் கவர்ச்சியா இருக்குமே" என்றார். போடலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் உள்ளே இல்லாத பழத்தை வெளியே வரைவது நியாயமா? பழத்தின் படத்தைப் பார்த்துத்தானே நாம் 'ஜூஸ்' என்று குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறோம்! 'ஜூஸ்' வேறு, 'ஃப்ரூட் டிரிங்க்' வேறு. பழ பானம் என்று விற்பதற்கு, நம் நாட்டு விதிப்படி, பத்து சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் ஐந்து சதவீதமே போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். படத்தில் பழம் பெரிதாக இருக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது முதுகில்தான் தெரியும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு சோதனை வைத்தேன். பானத்தின் பெயரை மூன்று அளவுகளில் மூன்று துண்டுக் காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று அத்தையைப் படிக்கச் சொன்னேன். "நடுவுல இருக்கறது கண்ணாடி போடாமயே தெரியுதும்மா" என்றார். அதையே வைத்துக்கொண்டேன். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். கடையில் வாங்கிய பெட்டியைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பொடி எழுத்துல என்ன எழுதியிருக்கு?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! சட்டப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியும் சேர்க்கலாம். சேர்த்தே ஆகவேண்டும் என்றில்லை. என் பந்தல் பெட்டியில் ஒரு பக்கவாட்டு முழுவதையும் தமிழுக்கே கொடுத்துவிட்டேன்.

முதுகுதான் உண்மை பேசும்

இப்போது வருகிறது முக்கியமான வேலை. முதுகுப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்தார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளும், எடை அளவுச் சட்டத்தின் விதிகளும் சேர்ந்த பட்டியல் அது. பானத்தின் பெயர், சேர்மானங்கள், சத்து விவரம், சைவ அசைவக் குறி, நிகர அளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண்... அப்பாடா! 5 செ.மீ. அகல முதுகில் இவ்வளவும் அடங்க வேண்டும்.

சேர்மானங்களுக்கு ஒரு அருமையான விதி உண்டு. எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அது முதலில். வரவர அளவு குறைந்துகொண்டே வரும். என் பெட்டியில் தண்ணீர், சர்க்கரை, நன்னாரி வேர்ச் சாறு, எலுமிச்சைச் சாறு என்று வந்தது. பெயரில் நன்னாரி முன்னால் நிற்கிறது, பட்டியலில் சர்க்கரைக்குப் பின்னால் நிற்கிறது. கடையில் வாங்கும் எந்தப் பானத்தையும் இப்படிப் பாருங்கள். முதல் மூன்று பெயர்களிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஐ.என்.எஸ். என்று போட்டு எண்கள் வருமே, அவை சேர்க்கைப் பொருள்களின் அடையாள எண்கள். 330 என்றால் சிட்ரிக் அமிலம். 211 என்றால் சோடியம் பென்சோயேட், கெடாமல் வைக்கச் சேர்ப்பது. 102 டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம். 150 என்று ஆரம்பித்தால் கேரமல் நிறம். எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட பொருள்களுக்குத்தான் அந்த எண். ஆனால் 'வேரின் இயற்கை நிறம்' என்று நினைத்து வாங்கியது சாயத்தின் நிறமா என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

அடுத்தது சத்து விவரம். இங்கேதான் பேனா நின்றது. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு டம்ளர் சர்பத்துக்குச் சேரும் சர்க்கரையைத் தராசில் நிறுத்தேன். 200 மி.லி.க்கு 24 கிராம். ஒரு தட்டை டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். ஆக ஆறு டீஸ்பூன்! பாகாகக் காய்ச்சி ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை, கட்டத்தில் எழுதும்போது தெரிகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி என்ற கணக்கில், சேர்த்த சர்க்கரைக்கு லேபிள் விதிகள் வைத்திருக்கும் அளவு 50 கிராம். அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு டம்ளரில் 48 சதவீதம் முடிந்துபோகிறது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், இதைப் பாதியாக, அதாவது சுமார் 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அப்படிப் பார்த்தால் அன்றைய பங்கு முழுவதுமே தீர்ந்தது. இது பெரியவர்களுக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்?

அன்று ராத்திரியே அடுப்பில் வேறு மாதிரி காய்ச்சினேன். சர்க்கரை 16 கிராம். வேரை ராத்திரி முழுக்க ஊறவைத்து மணத்தைக் கூட்டி, எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "வேர் வாசனை இன்னிக்குத் தூக்கலா இருக்கே" என்றார். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை! முதுகில் புது எண்களை எழுதினேன்: 100 மி.லி.க்கு சர்க்கரை 8 கிராம், 32 கலோரி. பெட்டிக்கு 16 கிராம், 64 கலோரி. நாள் அளவில் 32 சதவீதம். (பயிற்சிக்கு இந்தக் கணக்கு போதும். விற்பனைக்கு என்றால் பரிசோதனைக் கூடத்தில் சோதித்த எண்தான் நம்பகமானது.)

"அப்போ முன்னால 'குறைந்த சர்க்கரை'ன்னு போட்டுடலாமே?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டார். போட முடியாது! பானம் என்றால் 100 மி.லி.க்கு 2.5 கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் அந்த வார்த்தைக்கு அனுமதி. பழைய அளவிலிருந்து குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குறைவு என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

"இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமாக்கா?"

டம்மியை ஒட்டி முடித்ததும் கடைசிச் சோதனை. நாலைந்து பேரிடம் ஐந்து விநாடி மட்டும் காட்டி, பிறகு மறைத்துவிட்டு, 'இது என்ன? யாருக்கு?' என்று கேட்க வேண்டும். எங்கள் காம்பவுண்டில் உள்ளவர்களிடம் காட்டினேன். ஒருவர், "சர்பத். விருந்தாளி வந்தா கொடுக்கலாம்" என்றார். இன்னொருவர், "பாட்டி காலத்து நன்னாரி" என்றார். மாடி வீட்டில் இருக்கும் இளம் தாய், கையில் பத்து மாதக் குழந்தையோடு வந்தவள், பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உடம்புக்குக் குளிர்ச்சிதானேக்கா? பாப்பாவுக்கு வயித்தால போனா இதைக் கொடுக்கலாமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் நீர் வற்றும், ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எதைக் கொடுப்பது என்பதைத்தான் பெட்டியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யப் பார்க்கிறாள்.

இந்த முகக் குழப்பம் நாட்டில் பெரிய விவகாரமாகவே ஆகியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, பழப் படத்தோடு, இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்கப்பட்டன. 'இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற அறிவிப்பைப் போட்டால் போதும் என்று 2022-இல் அனுமதியும் இருந்தது. பெயர் பெரிதாக, மறுப்பு சின்னதாக! ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் தனி ஆளாகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, உணவுப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக்கூடாது என்று உத்தரவிட்டது.

உண்மையான ஓ.ஆர்.எஸ். என்பது என்ன? ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம் தூள். குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேரும்போது குடல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவு மீறிச் சர்க்கரை இருந்தாலோ தலைகீழ். அது உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். நான் குறைத்துக் காய்ச்சிய சர்பத்திலேயே லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை! ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மாடி வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதியே காட்டினேன். "ஐயோ, ஆறு மடங்கா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

இளம் தாய்மார்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றால் போனால் மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று எழுதிய ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் எத்தனை நீர் என்று இருக்கிறதோ அத்தனை நீரை அளந்து, தூள் முழுவதையும் கரையுங்கள். பாதித் தூளைப் போட்டுக் கண் அளவில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஸ்பூன் ஸ்பூனாக, நிதானமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பாக்கெட் கிடைக்காத இடத்தில், அது கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு பிசகாமல் கலந்து கொடுக்கலாம். துத்தநாக மாத்திரை எத்தனை நாள், எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண் உள்ளே போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்தப் பேச்சுக்குப் பிறகு என் பெட்டியின் முகத்தில் ஒரு புது வரி ஏறியது. பெயருக்கு நேர் கீழே, நாலு குட்டி ஸ்பூன் படம். பக்கத்தில், 'சர்க்கரை சேர்த்த பானம். ஒரு பெட்டியில் 4 டீஸ்பூன்.' வகுப்பில் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படி முன்னாலயே போட்டா எந்தக் கம்பெனி சம்மதிக்கும்?" என்று சிரித்தார். பிறகு அவரே, "ஆனா ஒரு அம்மா வரைஞ்ச பெட்டின்னு தெரியுது" என்றார். மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அரை மணி நேரம் வாதாடினார்கள். விற்பனை குறையும் என்றது ஒரு கட்சி. உண்மையைச் சொல்கிற பெட்டியைத்தான் திரும்பவும் தேடி வாங்குவோம் என்றது மறு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டுமா?

முகத்தில் மயக்கும் வார்த்தைகளுக்கு அரசாங்கமும் அவ்வப்போது கடிவாளம் போடத்தான் செய்கிறது. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் காட்டி விற்கக்கூடாது என்று இணைய விற்பனைக்காரர்களுக்கு 2024 ஏப்ரலில் ஆணையம் சொன்னது. அடர்சாற்றில் நீர் கலந்து செய்த ஜூஸுக்கு '100 சதவீதப் பழச்சாறு' என்று போடுவதை அதே வருஷம் ஜூனில் நீக்கச் சொன்னது. ஆனால் கடைக்காரர் முன்னால் கூடையோடு நிற்பது நாம்தானே! திருப்பிப் பார்க்கும் வேலையை நமக்காக யாரும் செய்ய மாட்டார்கள்.

கடையில் முப்பது விநாடி

வாங்கும் முன் இந்த ஆறு இடங்களைப் பாருங்கள்:

1. சேர்மானங்களில் முதல் மூன்று பெயர்கள். சர்க்கரை எத்தனையாவது?

2. சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம்? 100 மி.லி.க்கா, பெட்டி முழுவதற்குமா? கிராமை நாலால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வந்துவிடும்.

3. 'ஜூஸ்' என்றிருக்கிறதா, 'டிரிங்க்' என்றிருக்கிறதா? பழம் எத்தனை சதவீதம்?

4. காஃபீன் சேர்ந்த பானமா? குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கும்.

5. காலாவதித் தேதி, 14 இலக்க எண். பெட்டி உப்பியிருந்தாலோ மூலையில் கசிந்திருந்தாலோ தொடாதீர்கள்.

6. சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம்.

நீங்களும் செய்து பாருங்கள்

லீவு நாளில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் பயிற்சியைச் செய்யலாம். நீர்மோர், பானகம், எலுமிச்சை ரசம், கேழ்வரகுக் கூழ்... எதற்கு வேண்டுமானாலும் பெட்டி வரையலாம். பெரிய பிள்ளை கணக்கைப் போடட்டும், சின்னது வண்ணம் தீட்டட்டும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். வேறொரு கம்பெனியின் சின்னத்தையோ, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையோ, கோடு கோடாக வரும் பார்கோடையோ காப்பி அடிக்க வேண்டாம். எண் இருக்க வேண்டிய இடத்தில் 14 காலிக் கட்டம் போட்டு, 'பயிற்சி மாதிரி' என்று எழுதிவிடுங்கள். 'சளி தீரும்', 'சர்க்கரை வியாதி போகும்' என்றெல்லாம் விளையாட்டுக்குக்கூட எழுத விடாதீர்கள். நிஜத்தில் பொய்யான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு.

வீட்டிலேயே சர்பத், ஊறுகாய் என்று செய்து விற்கும் யோசனை உள்ள சகோதரிகளுக்கும் இது நல்ல தொடக்கம். உணவுப் பாதுகாப்புப் பதிவை முறைப்படி பெறுங்கள். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பதிவு, பெரிய அளவுக்கு உரிமம். அதோடு ஒரு டம்மி செய்து நாலு பேரிடம் காட்டுங்கள். அச்சகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே எது புரிகிறது, எது குழப்புகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு அட்டை, கொஞ்சம் பசை, ஒரு மத்தியான நேரம்.

ஒரு தடவை செய்து பாருங்கள். அதற்குப் பிறகு கடையில் எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும், கை தானாக அதன் முதுகைத் திருப்பும்!